இரும்புப் பாட்டியும் இரு பேரர்களும்



1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் என்றவுடன் நம் நாட்டு வரலாற்றைப் பயில்வோருக்கு நினைவு வருவது ஒன்றே. பம்பாயில் காங்கிரஸ் மகாசபைக் குழு கூடி, 'வெள்ளையனே வெளியேறு' என்னும் தீர்மானத்தை நிறைவேற்றிய மாதம் அது. அதே மாதத்தில், உலகத்தின் மறுகோடியில், நியூயார்க் நகரத்துக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள யாங்கர்ஸ் என்னும் ஊரில், ஒரு மிட்டாய்க் கடையின் மாடியில் இரண்டு சிறுவர்கள் புழுக்கம் தாளாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மூத்தவன் ஜே, பதினைந்து வயதைக் கடந்தவன். இளையவன் ஆர்ட்டி, பதின்மூன்றைக் கடந்தவன். உள்ளறையில் அவர்களுடைய தந்தை எடி தம் தாயாரிடம் எதையோ வேண்டி மன்றாடிக்கொண்டிருக்கிறார். கதவு சாத்தியிருக்கிறது. அக்கதவு திறந்து பாட்டி வெளியே வந்துவிடுவாளோ என்னும் அச்சம் சிறுவர் இருவருக்கும்.

இவ்வாறு தொடங்குகிறது 'லாஸ்ட் இன் யாங்கர்ஸ்' என்னும் நகைச்சுவை நாடகம். 'யாங்கர்ஸில் தொலைந்தவர்கள்' என்று நாம் அதனைத் தமிழில் சொல்லலாம். எழுதியவர் நீல் சைமன். நியூயார்க் பிராட்வேயில் ரிச்சர்டு ராட்ஜர்ஸ் அரங்கில் 1991-ஆம் ஆண்டு பெப்ரவரி 21-ஆம் நாள் அரங்கேறி, 780 முறை நடிக்கப்பெற்றது. நாடகத்துக்குரிய புலிட்சர் பரிசும், ஆண்டின் சிறந்த நாடகத்துக்குரிய டோனி விருதும் அவ்வாண்டிலேயே அதற்குக் கிடைத்தன. மக்களைச் சிரிக்க வைப்பவர் என்றே சைமனைப் பலரும் அதுவரை மதிப்பிட்டு வந்தனர். அம்மதிப்பீட்டை மாற்றிய நாடகங்களுள் இது தலையாயது.

நான் இன்று உங்களிடம் பேச விரும்புவது நாடகக் கலையைப் பற்றி அன்று. நான் வரலாறு கற்பித்தவன். ஒரு பாட்டிக்கும் இரு பேரர்களுக்கும் இடையே நடக்கும் ஒரு வீட்டுக் கதையில் எத்தனை நாட்டு வரலாறு ஒளிந்திருக்கிறது என்பதையே சொல்ல முற்படுகிறேன்.

கதையைச் சுருக்கமாகக் கேளுங்கள். சிறுவர்களின் தாய் புற்றுநோயால் இறந்துவிட்டாள். அவளுடைய சிகிச்சைக்காக எடி கந்துவட்டிக்காரனிடம் 9,000 டாலர் கடன்பட்டிருக்கிறார். கொடுத்த தவணைக்குள் அதனைத் தீர்த்தாக வேண்டும். தீர்க்காவிட்டால் வட்டிக்காரன் சும்மா விடுகிறவன் அல்லன். யுத்தம் வந்ததால் அவருக்கு ஒரு வேலை கிடைக்கிறது. தென் மாநிலங்களில் ஊர் ஊராகச் சென்று பழைய இரும்பு விற்கும் வேலை. அதனால் பத்து மாத காலம் பிள்ளைகளைத் தம் தாயாரிடம் விட்டுச் செல்ல வேண்டிய நிலை.

தந்தையின் தாயை நம்மூரில் சில பக்கங்களில் அப்பத்தா என்றும், சில பக்கங்களில் அப்பாயி என்றும் அழைப்பார்கள். அச்சொற்களைக் கேட்டவுடன் மடியும் கதையும் முறுக்கும் நினைவுக்கு வரும். யாங்கர்ஸ் அப்பத்தாளிடம் இவற்றுள் ஒன்றும் இல்லை. எழுபது வயதைக் கடந்தவர். ஒரு காலைச் சற்று இழுத்து, கைத்தடி ஊன்றி நடப்பவர். பேச்சில் ஜெர்மானிய வாடை நீங்காதவர். கீழே மிட்டாய்க் கடை நடத்துகிறார். ஆனால் அம்மிட்டாய் ஒன்று பேரன் வாய்க்குள் இலவசமாகச் செல்லாது. பிள்ளைகளை ஏற்க முடியாது என்று முதலில் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். அவரோடு வாழும் மகள் பெல்லா, முப்பத்தைந்து வயதாகியும் குழந்தை மனம் மாறாதவள், பிள்ளைகளை ஏற்காவிட்டால் தானும் வீட்டைவிட்டுப் போய்விடுவதாகக் கூறித் தாயைப் பணிய வைக்கிறாள். தனிமைக்கு அஞ்சுகிறவர் அந்தப் பாட்டி என்னும் இரகசியம் அந்த அத்தை ஒருத்திக்கே தெரியும்.

இந்தத் தொடக்கத்தை ஒரு வரலாற்று மாணவன் எவ்வாறு வாசிக்க வேண்டும்? அமெரிக்கா 1941 டிசம்பரில் யுத்தத்தில் இறங்கியது. 1942-இல் கப்பல்களுக்கும் டாங்கிகளுக்கும் வேண்டிய எஃகைப் பெருக்குவதற்காக, நாடெங்கும் பழைய இரும்பு திரட்டும் இயக்கம் நடைபெற்றது. துருப்பிடித்த வேலிக்கும் உடைந்த அடுப்புக்கும் விலை வந்தது. பல ஆண்டுப் பொருளாதார மந்தத்தில் நலிந்திருந்த சாதாரண விற்பனையாளனுக்கு யுத்தமே பிழைப்புத் தந்தது என்னும் கசப்பான உண்மை எடியின் வேலைக்குள் அடங்கியிருக்கிறது. மற்றொன்று, கடன். முதியோருக்கு அரசாங்கம் அளிக்கும் மருத்துவக் காப்பீடே அமெரிக்காவில் 1965-இல்தான் சட்டமாயிற்று. 1942-இல், செல்வமும் காப்பீடும் இல்லாத குடும்பத்துக்கு நீண்ட நோய் ஒன்று வந்தால், உறவினரிடமோ வட்டிக்காரனிடமோ செல்வதன்றி வழி அரிது. மிட்டாய்க் கடையை எடுத்துக்கொண்டாலோ, அவ்வாண்டு மே மாதத்தில் அங்கே சர்க்கரைக்குப் பங்கீடு வந்தது. ஆளுக்கு வாரத்துக்கு அரை பவுண்டு. இனிப்பு விற்றுப் பிழைக்கும் ஒரு கடைக்கு அது எத்தகைய காலம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். நாடகாசிரியர் இவற்றையெல்லாம் விரித்துரைப்பதில்லை. பேரன்களைக் கடையில் வேலை வாங்கி, குறைந்த பண்டத்துக்கு அவர்களிடமே கணக்குக் கேட்கும் பாட்டியைக் காட்டுகிறார்; நாம் சிரிக்கிறோம்.

மேலை நாட்டு நகைச்சுவை நாடகத்தில் முதியவர் என்பவர் நெடுங்காலமாகவே தடைக்கல்தான். இளையோர் விரும்புவதை முதியவர் மறுப்பார், இறுதியில் முதியவர் ஏமாறுவார், அவையோர் கைதட்டுவர். உரோம நாடகாசிரியர் டெரன்ஸ், 'சகோதரர்கள்' என்னும் நாடகத்தில் இப்பொருளைச் சற்று ஆழமாகவே எடுத்துக்கொண்டார். கி.மு. 160-இல் நடிக்கப்பெற்ற அந்நாடகத்தில் ஒரு தந்தைக்கு இரு மைந்தர். ஒருவனைத் தாமே கண்டிப்பாக வளர்க்கிறார். மற்றவனை அவருடைய உடன்பிறந்தவர் தத்தெடுத்து நயமாக வளர்க்கிறார். எம்முறை நன்று என்பதே வினா. சைமனும் ஏறத்தாழ இதே வினாவைத்தான் எழுப்புகிறார். ஆனால் அவர் முதியவரின் ஆசனத்தில் ஒரு பாட்டியை அமர்த்தி, அவர் ஏன் அவ்வாறு ஆனார் என்றும் கேட்கிறார். உரோமர்கள் பெரும்பாலும் கேளாத கேள்வி அது.

அக்கேள்விக்கு விடை அந்தக் காலில் இருக்கிறது.

பாட்டிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, அவருடைய தந்தை பெர்லின் நகரில் ஓர் அரசியல் கூட்டத்துக்கு அவரை அழைத்துச் சென்றார். குதிரைக் காவலர் தடிகளோடு புகுந்து கூட்டத்தைக் கலைத்தனர். தந்தையின் தலையில் அடி விழுந்தது. ஒரு குதிரை கீழே சாய்ந்து சிறுமியின் காலை நசுக்கியது. அக்கால் பின்னர் ஒருபோதும் சீராகவில்லை. காலுக்குச் சிகிச்சை செய்திருக்கக்கூடிய பணத்தைக் குடும்பத்தோடு கடல் கடப்பதற்குச் செலவிட்டார் என்று அவருடைய மகன் லூயி, பேரன்களிடம் ஒருவகைப் பெருமையோடு சொல்கிறான். வலிக்கு ஒரு மாத்திரைகூட விழுங்குவதில்லை என்றும் சொல்கிறான்.

வயதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1942-இல் எழுபதைக் கடந்தவருக்குப் பன்னிரண்டு வயது என்றால், நாம் 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்குப் போய்ச் சேருகிறோம். 1878-இல் ஜெர்மானியப் பேரரசர் முதலாம் வில்லியமைக் கொல்ல இருமுறை முயற்சி நடந்தது. அதனைக் காரணமாகக் கொண்டு தலைமை அமைச்சர் பிஸ்மார்க், சோஷலிஸ்டுகளுக்கு எதிரான சட்டத்தைக் கொண்டு வந்தார். அது 1890 வரை நீடித்தது. கூட்டங்களைத் தடுக்கவும் கலைக்கவும் காவலருக்கு அதிகாரம் அளித்த சட்டம் அது. அதே பெர்லினில், அதே ஆண்டுகளில், அரண்மனைச் சமயப் போதகராகிய அடால்ஃப் ஸ்டோக்கர் என்பார் யூதருக்கு எதிரான பேச்சை மேடையேற்றி அரசியலாக்கினார். 1871-இல் ஒன்றுபட்ட ஜெர்மனி, சட்டத்தில் யூதருக்குச் சம உரிமை அளித்திருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. சட்டத்தில் உரிமை, தெருவில் பகை. குர்னிட்ஸ் குடும்பம் யூதக் குடும்பம். எந்தக் கூட்டம், எந்தக் கட்சி என்று நாடகம் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. குதிரையின் அடியில் கிடந்த சிறுமிக்குச் சட்டப் பிரிவு எத்தனையாவது என்று தெரியவா போகிறது?

அச்சிறுமி கற்றுக்கொண்டது ஒன்று. அழுதால் பிழைக்க முடியாது. எஃகுபோல் இருந்தால்தான் இவ்வுலகில் உயிர் தங்கும். பிற்காலத்தில் கணவரையும், ஆறு மக்களுள் இருவரையும் புதைத்தபோதும் அவர் அழவில்லை. இருந்த நால்வரையும் அந்த எஃகினாலேயே அடித்து வளர்த்தார்.

விளைவு என்ன? நால்வரும் உயிரோடு இருக்கிறார்கள், நால்வரும் உடைந்திருக்கிறார்கள். எடி நல்லவர், ஆனால் தாய்க்கு முன்னால் நாற்பது வயதிலும் வியர்த்துப் போகிறவர். லூயி கொள்ளைக் கூட்டத்தாரின் அடியாள். ஒரு கறுப்புப் பையோடு நள்ளிரவில் வந்து தாய் வீட்டில் ஒளிந்துகொள்கிறான். கெர்ட் என்னும் அத்தைக்கு, சிறு வயதில் பிடித்த அச்சம் மூச்சில் தங்கிவிட்டது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போது மூச்சு வெளியே போகும். முடிக்கும்போது மூச்சு உள்ளே இழுக்கும். தாயின் வீட்டுக்கு வந்தால்தான் அது மிகுதி. மேடையில் அவள் வாய் திறக்கும்போதெல்லாம் அவை குலுங்கிச் சிரிக்கிறது. அவ்வாறு சிரித்தவர்களே, காரணம் தெரிந்த பின், தங்கள் சிரிப்பை நினைத்துச் சற்று நாணவும் நேர்கிறது. பெல்லாவைப் பற்றி முன்பே சொன்னேன்.

இந்த இடத்தில்தான் பேரர்கள் வந்து சேருகிறார்கள். நாடகத்தின் நுட்பம் இங்கே இருக்கிறது. மக்களிடம் நடக்காத ஒன்று பேரர்களிடம் நடக்கிறது. ஆர்ட்டிக்குக் காய்ச்சல். பாட்டி கடுகு சூப் ஒன்றைக் கொண்டுவந்து குடிக்கச் சொல்கிறார். அவன் மறுக்கிறான்; அவர் விடுவதாயில்லை; முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒவ்வொரு மிடறாக விழுங்குகிறான். பாட்டிக்கு வேண்டியது அவன் விரைவில் எழுந்து கடைக்கு வேலைக்கு வருவது. அவன் எழுகிறான் என்பதும் உண்மைதான். அன்பு என்று பெயர் சொல்லாமல் அன்பின் வேலையைச் செய்யும் ஒரு முறை உண்டு. அதனைக் கண்டுபிடிக்கச் சிறுவனுக்குச் சில மாதங்கள் ஆகின்றன. தந்தை பாட்டியிடம் பேச அஞ்சியதை எல்லாம் பேரன் வாய்த்துடுக்காகச் சொல்லிவிடுகிறான். அவருக்குக் கோபம் வருகிறது, ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறார். எதிர்த்துப் பேசும் பேரனிடம், நீ என்னை வெறுத்தாலும் பரவாயில்லை, உயிரோடு இருக்க வேண்டும் என்ற கருத்துப்படவே அவர் விடை சொல்கிறார். பெர்லின் தெருவில் கற்ற பாடத்தை அவர் விளக்கிச் சொல்வது மகனிடம் பாதி, பேரனிடம் மீதி.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணியில் இருந்தவன் நான். கண்டிப்பே கல்வி என்று நம்பிய காலமும் எனக்கு உண்டு. பிரம்பைக் கையில் எடுத்த நாட்களும் உண்டு. இந்நாடகக் கதையை ஒருமுறை பதினோராம் வகுப்பில் சொன்னபோது, கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அந்தப் பாட்டி நல்லவரா, கெட்டவரா?" என்று கேட்டான். "அவர் பட்ட துன்பம் அப்படி" என்று சொல்லி முடித்துவிட்டேன். "அதற்குக் கெர்ட் என்ன செய்தாள், ஐயா?" என்றான். எனக்கு உடனே விடை வரவில்லை. வரலாற்று ஆசிரியர்கள் காரணம் சொல்வதில் வல்லவர்கள். காரணத்தைச் சொன்னவுடன் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வது எங்கள் தொழிலின் பழைய குற்றம்.

நீல் சைமன் அக்குற்றத்தைச் செய்யவில்லை. பாட்டியின் காலைக் காட்டிய அவர், பெல்லாவின் வாயையும் திறக்கிறார். பெல்லா ஒரு திரையரங்கில் இருக்கை காட்டும் பணியாளன் ஒருவனை மணக்க விரும்புகிறாள். அவனும் அவளைப் போலவே எளிய மனத்தவன்; எழுத்து வாசிப்பதில் இடர்ப்படுகிறவன். இருவரும் சேர்ந்து ஓர் உணவு விடுதி நடத்த 5,000 டாலர் வேண்டும். உடன்பிறந்தார் எல்லாரையும் ஒரு நாள் வரவழைத்து, நாற்காலிகளை முறையாகப் போட்டு அமர வைத்து, இச்செய்தியைச் சொல்லத் தவித்துத் தவித்துச் சொல்கிறாள். மேடையில் இதைவிடச் சிரிப்பூட்டும் காட்சி அரிது. இதைவிட நெஞ்சை வருத்துவதும் அரிது. தாய் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து தம் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்கிறார். தொடக்கத்தில் நாம் கண்ட அதே கதவு.

சில நாட்கள் கழித்துப் பெல்லா திரும்பி வருகிறாள். திருமணம் நடக்கப் போவதில்லை. அவனுக்குத் துணிவு இல்லை. ஆனால் அவளுக்குத் துணிவு வந்துவிட்டது. அன்பு கிடைக்காத இடத்தில் அன்பைத் தேடி அவள் பட்ட பாட்டையெல்லாம் தாயின் முன் வைக்கிறாள். இறந்த இரு குழந்தைகளோடு தம் உணர்ச்சியையும் புதைத்துவிட்டவர் அத்தாய் என்பது அப்போது வெளிப்படுகிறது. இழப்பதற்கு அஞ்சி அன்பை மூடி வைத்தவர். எஃகு என்று நாம் எண்ணியது அச்சம். மகள் அறையை விட்டுச் சென்ற பின்னர், பாட்டி கைக்குட்டையை எடுத்து விரைந்து வாயைப் பொத்திக்கொள்கிறார். அழுகை வந்ததா, வரவில்லையா என்பது அவையோர் அறிய முடியாதபடி திரை இறங்குகிறது.

முதன்முதலில் இப்பாத்திரத்தை ஏற்றவர் ஐரீன் வொர்த் என்னும் அம்மையார். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பெயர் பெற்றவர். நடிப்புக்கு வருமுன் சிறு குழந்தைகளுக்கு ஆசிரியையாக இருந்தவர் என்பது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி தரும் செய்தி. பெல்லாவாக மெர்சிடிஸ் ரூயல் நடித்தார். இருவருக்கும் டோனி விருது கிடைத்தது. 1993-இல் மார்த்தா கூலிட்ஜ் இதனைத் திரைப்படமாக்கியபோதும் அவ்விருவரே அப்பாத்திரங்களை ஏற்றனர்.

நாடகம் வரலாற்றுச் சான்றாகுமா என்று நீங்கள் கேட்கலாம். குர்னிட்ஸ் குடும்பம் கற்பனை. அம்மிட்டாய்க் கடையும் கற்பனை. ஆதலின் 1942-இல் இன்னது நடந்தது என்பதற்கு இந்நாடகத்தைச் சான்றாகக் காட்டினால் உங்கள் ஆசிரியர் மதிப்பெண் தரமாட்டார்; தரவும் கூடாது. ஆனால் 1942-ஐ 1991-இல் ஒரு தலைமுறை எவ்வாறு நினைவுகூர்ந்தது என்பதற்கு இது சான்றாகும். நீல் சைமன் 1927-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். அவருடைய தந்தை அடிக்கடி வீட்டை விட்டுப் போய்விடுவார். சிறுவன் உறவினர் வீட்டில் வாழ நேர்ந்ததும் உண்டு. 1942 ஆகஸ்டில் அவருக்கு வயது பதினைந்து. ஏறத்தாழ ஜேயின் வயது. நாடகம் அரங்கேறியபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று. 2018-இல் அவர் மறைந்தார். பேரனாக இருந்து பார்த்த காலத்தைப் பாட்டனாகும் வயதில் எழுதினார் என்க. அதனால்தான் சிறுவர்களின் அச்சமும் உண்மையாக இருக்கிறது. பாட்டியின் மௌனமும் உண்மையாக இருக்கிறது. இருபது வயதில் எழுதியிருந்தால், பாட்டி வெறும் பூதமாகப் போயிருப்பார் என்பது என் எண்ணம்.

பேரர்கள் மாடியில் காத்திருந்த அந்த 1942-இல், பாட்டி பிறந்த நாட்டிலிருந்து யூதர்களை ரயில்களில் ஏற்றிக் கிழக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பெர்லினிலிருந்து அவ்வாறு அனுப்புவது 1941 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. யாங்கர்ஸ் வீட்டில் இதைப் பற்றிய விரிந்த பேச்சு இல்லை. அவையில் அமர்ந்திருந்தவர்களோ அதனை நன்கு அறிவார்கள். பாட்டி தம் காலைச் சீராக்கிக்கொள்ளாமல் அப்பணத்தைக் கப்பலுக்குக் கொடுத்திராவிட்டால், கீழே கடையில் திட்டு வாங்கும் அந்த இரு பேரர்களும் பிறந்திருக்க மாட்டார்கள். இது மேடையில் ஒருவரும் சொல்லாத கணக்கு. அதே வேளையில், கெர்ட்டின் மூச்சுத் திணறலை இக்கணக்கு நேர் செய்யவும் இல்லை.

பத்து மாதங்கள் கழிகின்றன. எடி கடனைத் தீர்த்துவிட்டுப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வருகிறார். கடைசிக் காட்சியில் பெட்டிகள் கட்டித் தயாராக இருக்கின்றன. நம் திரைப்படங்களில் என்றால், பாட்டி பேரர்களைக் கட்டிக்கொண்டு கதறியிருப்பார். பின்னணியில் வீணை ஒலித்திருக்கும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. பாட்டி இன்னும் அதட்டுகிறார். ஆனால் சிறுவர்கள் இப்போது அஞ்சவில்லை. அதட்டலுக்குள் இருப்பது இன்னது என்று பிரித்தறியக் கற்றுவிட்டார்கள். விடைபெற்றுப் படியிறங்குகிறார்கள். வீட்டில் பாட்டியும் பெல்லாவும் மட்டும். பெல்லா, தனக்குப் புதிய தோழி ஒருத்தி வாய்த்திருப்பதையும், அன்று வெளியே செல்லப் போவதையும் தாயிடம் சொல்கிறாள். அனுமதி கேட்கவில்லை, சொல்கிறாள். கைத்தடியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறார் தாய்.